பத்தியமும் பட்டினியும்

உணவு குறைதல் என்பது ஒரே நிகழ்ச்சியாயினும், அதனைக் குறிக்கத் தமிழ் மக்கள் மூன்று சொற்களை வேறுவேறாக வழங்கி வருகின்றனர். பட்டினி என்பது ஒன்று. நோன்பு என்பது மற்றொன்று. பத்தியம் என்பது பிறிதொன்று. உண்ண வேண்டியவனுக்கு உணவு இல்லாமற் போவது பட்டினி. உணவு இருந்தும், ஒரு நோக்கம் பற்றி, ஒரு காலவரையறைக்குள், உள்ளத் துணிவோடு அதனை விலக்கி நிற்பது நோன்பு. உடல்நலத்தின் பொருட்டு இன்னது உண்க, இவ்வளவு உண்க, இன்னது விலக்குக என்று அறிந்தோர் வகுத்த வரம்பின்படி உண்பது பத்தியம். இம்மூன்றிலும் உண்கலத்தில் உணவு குறைந்தே காணப்படும். ஆயினும் மூன்றும் ஒன்றல்ல. பட்டினிக்கு அளவு இல்லை. நோன்புக்கு முடிவு உண்டு. பத்தியத்திற்கோ மேல் எல்லையும் உண்டு, கீழ் எல்லையும் உண்டு. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு, இக்காலத்து இளைஞரிடையே பெரிதும் வழங்கும் ஒரு வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

உடல் எடையைக் குறைக்க விரும்புவோர் தத்தம் உயரம், எடை, வயது, உழைப்பு ஆகியவற்றைக் கணக்கிட்டு, நாளொன்றுக்கு இத்தனை கலோரி உண்ணலாம் என்று ஒரு வரம்பு அமைத்துக் கொள்கின்றனர். மருத்துவர் சிலருக்கு அதனை வகுத்துத் தருகின்றார்; கைப்பேசிச் செயலிகள் பலருக்கு நொடியில் கணித்துத் தருகின்றன. வரம்பு 1,500 என்று வந்தவுடனே ஓர் ஆசை எழுகின்றது. 1,500 கலோரி உண்டால் வாரத்தில் அரைக் கிலோ குறையுமெனின், 1,000 உண்டால் ஒரு கிலோ குறையாதோ? 700 உண்டால் இன்னும் விரைவிற் குறையாதோ? வரம்பை மீறி உண்பது குற்றமெனின், வரம்பிற்குக் கீழே உண்பது நற்குணம் ஆகாதோ? இதுவே வினா. விடுதிகளில் இரவுணவைத் தவிர்ப்பதையும், காலையுணவைத் துறப்பதையும் ஒரு வெற்றியாக எண்ணும் மாணாக்கர் உளராதலின், இவ்வினா வெறும் எண்கணக்கன்று. நம்மனோர் உடலையும் உயிரையும் பற்றியது.

புதுவையில் வாழ்வோர்க்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்திய நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் மிகை எடை உடையோர் ஏறக்குறைய 24 சதவீதத்தினர். புதுச்சேரியிலோ ஏறக்குறைய 46 சதவீதத்தினர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நிகழ்ந்து 2023ஆம் ஆண்டில் வெளிவந்த பேராய்வு, புதுச்சேரியில் முதிர்ந்தோருள் நால்வரில் ஒருவருக்கு மேல் நீரிழிவு உடையர் என்று காட்டிற்று. ஆகவே எடையைக் குறைக்க முயல்வோரை நகையாடுதல் தகாது. அம்முயற்சி பலருக்கு இன்றியமையாதது. ஆனால் மறுபக்கமும் ஒன்றுண்டு. உணவைத் தாமே அளவின்றிக் குறைத்துக்கொண்ட இளம்பருவத்தினர் உயிரிழந்த செய்திகளை 2025ஆம் ஆண்டில் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் நாளிதழ்கள் தந்தன. ஒரு கரையில் மிகையுணவு, மறு கரையில் பட்டினி. இரண்டிற்கும் இடையே செல்லும் வழியை அறிதலே நம் நோக்கம்.

முதற்கண் கலோரி என்பது யாது என்று காண்போம். உயிர்ப்பு என்பது ஒருவகை எரிதலே என்று காட்டியவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் லவுவாசியே. அவர் 1780ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் லப்லாஸ் என்பாரோடு சேர்ந்து, ஒரு சிற்றுயிரைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, அதன் உடற்சூட்டால் உருகிய நீரை நிறுத்து, உயிரின் வெப்பத்தை அளந்தார். அதற்குப் பின்னர், 1824ஆம் ஆண்டளவில் பாரிசு நகரில் விரிவுரை நிகழ்த்திய நிக்கொலா கிளெமான் என்பார் கலோரி என்னும் சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்தார். ஒரு கிலோ நீரின் வெப்பத்தை ஒரு பாகை உயர்த்தப் போதிய சூடே உணவு நூலார் கூறும் ஒரு கலோரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறிஞர் அட்வாட்டர், மாவுப்பொருளும் புரதமும் கிராமுக்கு நான்கு கலோரியும், கொழுப்பு கிராமுக்கு ஒன்பது கலோரியும் தரும் என்று வகுத்தார். இன்றும் உணவுப் பொட்டலங்களின் மேல் அச்சிடப்படும் எண்கள் இக்கணக்கின் வழிவந்தனவே. பிரெஞ்சியர் ஆட்சி 1954ஆம் ஆண்டிலேயே புதுவையை விட்டு நீங்கிற்று. அவர் நாட்டில் பிறந்த இவ்வளவையோ இன்று உலகெங்கும் உண்போரின் கலத்தில் அமர்ந்து ஆட்சி புரிகின்றது.

இனி, வரம்பு அமைக்கப்படும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். பத்தொன்பது வயதுடைய மாணவி ஒருத்தி. உயரம் 160 சென்டிமீட்டர். எடை 68 கிலோ என்று கொள்வோம். இவ்வுயரத்தார்க்கு ஏறக்குறைய 47 முதல் 58 கிலோ வரையிலான எடையே இந்தியர்க்குத் தக்கதெனக் கூறுவர்; ஆதலின் இவள் எடையைக் குறைக்க விரும்புதல் தகும். இவள் அசையாது படுத்திருப்பினும் இதயம் துடிக்கவும், மூச்சு இயங்கவும், மூளை தொழிற்படவும், உடற்சூடு நிலைக்கவும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,420 கலோரி செலவாகும். 1990ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டு இன்று பெரிதும் வழங்கும் மிஃப்ளின் சூத்திரத்தின் கணக்கு இது. நடத்தல், படித்தல், துணி துவைத்தல் முதலியவற்றைச் சேர்க்க, மொத்தச் செலவு 2,000 கலோரியை எட்டும். அதனின்று 500 கலோரியைக் கழிக்க எஞ்சுவது 1,500. இதுவே வரம்பு.

இங்கு உற்று நோக்கத் தக்கது ஒன்று உண்டு. 1,500 என்பது அவள் உடல் கேட்கும் அளவன்று. கேட்கும் அளவினின்று முன்னரே 500 கழிக்கப்பட்ட அளவு. கழிக்க வேண்டியதைக் கழித்த பின்னரே அவ்வெண் பிறந்தது. அவ்வாறிருக்க, அதனினும் குறைப்பது, கடனுக்குரிய தவணையைக் கழித்துவிட்டு எஞ்சிய சம்பளத்தில் மீண்டும் தவணையைக் கழிப்பது போலும். கடன் விரைவில் தீரலாம். வீட்டிலுள்ளோர் எதனை உண்பது? வரம்பை "உண்ணத்தகும் பேரெல்லை" என்று மட்டும் கருதுவதாலேயே இம்மயக்கம் நேர்கின்றது. பத்தியத்தின் எண் மேலெல்லையாதல் போலவே, குறியாகவும் நிற்கின்றது. மருத்துவர் கொடுத்த மருந்தில் இரு வேளையை ஒரு வேளையாக்கிக் கொள்பவன் மருந்துக்கு அடங்கி நடந்தவன் ஆகான் அன்றோ?

உடலின் தேவைக்குப் பெரிதும் குறைந்த உணவு யாது செய்யும் என்பதை நம் நாட்டு வரலாறே காட்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. 1877ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பஞ்சப் பணிகளை மேற்பார்க்க அனுப்பப்பெற்ற சர் ரிச்சர்டு டெம்பிள், செலவைச் சுருக்கக் கருதி, நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவுமே போதும் என்று விதித்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையராயிருந்த டாக்டர் கார்னிஷ் என்பார் அதனை வன்மையாக எதிர்த்தார். அரிசி மட்டும் உடலைக் காவாது என்றும், அளவை உயர்த்துவதோடு பருப்பும் சேர்த்தல் வேண்டும் என்றும் வாதாடினார். ஒரு ராத்தல் என்பது ஏறக்குறைய 454 கிராம்; அரிசியாயின் 1,600 கலோரிக்குச் சற்றுக் குறையும். மண் சுமந்து கல்லுடைத்து உழைத்தவர்க்கு இது பாதிக்கும் போதாத உணவு. இப்பஞ்சத்தில் பல இலட்சம் மக்கள் மாண்டனர். அக்கூலி "டெம்பிள் கூலி" என்று பெயர் பெற்று, அரசாங்கக் கணக்கு உயிர்க்கணக்கோடு ஒவ்வாமைக்குச் சான்றாய் இன்றும் நிற்கின்றது.

அறுபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, ஏறக்குறைய அதே அளவு மற்றொரு நாட்டில் ஆராய்ச்சியின் பொருட்டு அளக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், ஐரோப்பாவில் பட்டினியால் வாடியோரை மீட்கும் முறையை அறிய வேண்டி, அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்னும் அறிஞர் 36 இளைஞரைத் தேர்ந்தார். போரில் ஆயுதம் ஏந்துதல் தம் மனச்சான்றுக்கு ஒவ்வாதென மறுத்து, அதற்கு ஈடாக இப்பணிக்குத் தம் உடலைத் தாமே ஈந்தவர் அவர். அவருள் பலர் சமாதானத்தைக் கொள்கையாகக் கொண்ட கிறிஸ்தவ சபைகளைச் சார்ந்தோர். முன்னர் நாளொன்றுக்கு 3,200 கலோரி உண்டு வந்த அவர்க்கு, 1945ஆம் ஆண்டில் 24 வாரங்கள் ஏறக்குறைய 1,570 கலோரியே அளிக்கப்பட்டது. எடையில் நான்கிலொரு பங்கு குறைந்தது. அது மட்டுமோ? உடலின் அடிப்படை வெப்பச் செலவு ஏறக்குறைய 40 சதவீதம் தாழ்ந்தது, நாடி தளர்ந்தது, கோடையிலும் குளிர் வருத்தியது. நூலும் நட்பும் சுவையற்றுப் போயின. உணவைப் பற்றியன்றி வேறொன்றும் நினையாராய், சமையல் நூல்களைத் தொகுத்தும், கலத்தை நக்கியும் அவர் நாள் கழித்தனர். நல்லறிவும் நல்லொழுக்கமும் வாய்ந்தோரையே பசி இவ்வாறு மாற்றிற்றெனின், பசியைப் பிணி என்று பெயரிட்டு, அப்பிணியைத் தீர்க்கும் அமுதசுரபியை மணிமேகலையின் கையிற் கொடுத்த தமிழ்ப் புலவரின் நுண்ணறிவை யாது சொல்லிப் புகழ்வோம்!

இங்கு ஒரு தடை எழலாம். "மின்னசோட்டாவில் 1,570 கலோரி பட்டினியெனின், நும் மாணவிக்கு வகுத்த 1,500 கலோரியும் பட்டினியன்றோ?" என்று வினவுவர். அன்று என்க. எண் ஒன்றாயினும் விகிதம் வேறு. 3,200 வேண்டியவர்க்கு 1,570 கொடுத்தது, தேவையின் பாதி. 2,000 வேண்டியவளுக்கு 1,500 கொடுப்பது, தேவையில் முக்காற் பங்கு. ஆனால் அவள் தன் விருப்பால் 1,000 ஆகக் குறைத்துக் கொள்வாளாயின், அவளும் பாதியை அடைகின்றாள். மின்னசோட்டா இளைஞர் நின்ற விகிதத்திலேயே சென்று நிற்கின்றாள். அவ்விளைஞர் தொடக்கத்தில் மிகையெடை அற்றவர், இவளுக்கோ சேமித்த கொழுப்பு உண்டு என்பது மெய்யே. அதனால் துன்பம் சற்றுக் காலம் தாழ்த்து வரும். வாராதொழியும் என்று கொள்ளற்க.

உணவை மிகக் குறைத்தால் உடல் "பட்டினி நிலை" எய்தி எடை குறைவதையே நிறுத்திவிடும் என்று சிலர் கூறுவர். இக்கூற்று பொருந்தாது. மின்னசோட்டா இளைஞர் எடை குறைந்துகொண்டே சென்றனர். பஞ்சத்தில் மாண்டோர் எலும்பும் தோலுமாயினர். உண்மை யாதெனில், செலவு நிற்பதில்லை, சுருங்குகின்றது. வருவாய் குறைந்த குடும்பம் செலவைச் சுருக்குவது போல உடலும் சுருக்கிக் கொள்ளும். கொழுப்பு ஒரு கிலோவிற்கு ஏறக்குறைய 7,700 கலோரி என்னும் கணக்கு 1958ஆம் ஆண்டில் விஷ்னோஃப்ஸ்கி என்னும் மருத்துவர் எழுதிய கட்டுரையால் பரவியது. உடலின் செலவு மாறாது நிற்கும் என்று கொண்டு இதனைக் கையாளுவோர், மாதங்கள் செல்லச் செல்லக் கணக்கிற்கும் தராசிற்கும் இடையே பிணக்கு விளைதலைக் காண்பர். உடல் சிறுக்குந்தோறும் அதன் தேவையும் சிறுக்கும் என்பதை 2011ஆம் ஆண்டில் கெவின் ஹால் என்பாரும் துணைவரும் விரிவாக விளக்கினர். அவரே 2016ஆம் ஆண்டில், அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டியொன்றில் கடும் முறையால் எடை குறைத்த 14 பேரை ஆறாண்டு கழித்து ஆராய்ந்து, அவர்தம் உடல் தம் அளவிற்கு எதிர்பார்த்ததினும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைவாகவே செலவிடுதலைக் கண்டார்.

குறைவது யாது என்பதும் ஆராயத்தக்கது. தராசு எடையைக் காட்டும். அவ்வெடை கொழுப்போ தசையோ என்று காட்டாது. உணவு மிகக் குறையும்பொழுது, குறிப்பாகப் புரதமும் உடற்பயிற்சியும் இல்லாவிடின், தசையும் கரையும். வாரத்திற்கு ஒன்றரைக் கிலோவிற்கு மேல் எடை இழப்போர்க்குப் பித்தப்பையிற் கல் தோன்றும் இடர் மிகும். இரண்டு மூன்று மாதங்கள் கழித்துத் தலைமயிர் உதிரும். பெண்கட்குப் பூப்பு ஒழுங்கு தவறும். எலும்பு வலிமை குன்றும். நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினர் இரத்தச்சோகை உடையர் என்று மேற்கூறிய குடும்பநல ஆய்வு கூறுகின்றது. பெண்ணுக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டு விதி. முழு உணவிலேயே இதனை எய்துதல் அரிது. பாதி உணவில் எங்ஙனம் எய்துவது? மிகையெடையும் சத்துக்குறையும் ஒரே உடலில் குடியிருத்தல் கூடும் என்பதைப் பலர் அறியார்.

அளவோடு தரமும் நோக்கப்படல் வேண்டும் என்னும் உண்மை நீலகிரிக் குன்னூரில் முன்னரே காட்டப்பட்டது. அங்கு 1918ஆம் ஆண்டில் ஆராய்ச்சி தொடங்கிய இராபர்ட் மெக்காரிசன் என்பார், இந்தியாவின் பல பகுதியினரும் உண்ணும் உணவுகளை எலிக்கூட்டங்களுக்குத் தனித்தனியே அளித்துப் பார்த்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறி மிக்க சீக்கியர் உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்தன. தீட்டிய அரிசியே மிகுந்த தென்னாட்டு உணவை உண்டவை நலிந்தன. அவருக்குப் பின் தலைமையேற்ற அய்க்ராய்டு, 1937ஆம் ஆண்டில் இந்திய உணவுகளின் சத்துக்களைத் தொகுத்து நூலாக்கினார். அந்நிலையமே 1958இல் ஐதராபாத்திற்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாய் விளங்குகின்றது. அந்நிறுவனம் 2024ஆம் ஆண்டில் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், எடை குறைப்போர் உணவு நாளொன்றுக்கு 1,000 கலோரிக்குக் குறையலாகாது என்றும், எல்லாச் சத்துக்களும் அதில் அமைதல் வேண்டும் என்றும், வாரத்திற்கு அரைக் கிலோ குறைதலே தீங்கற்றது என்றும் கூறப்பட்டுள்ளது. 1,000 என்பது எவரும் தாண்டலாகாத தாழ்நிலை. எல்லோர்க்கும் உரிய இலக்கன்று. அமெரிக்க மருத்துவ சங்கங்கள் 2013ஆம் ஆண்டில் வகுத்த நெறி, எடை குறைக்கும் பெண்களுக்கு 1,200 முதல் 1,500 வரையும், ஆண்களுக்கு 1,500 முதல் 1,800 வரையும் கூறுகின்றது.

நடுநிலை தவறாது ஆராய்வோர் மாற்றுக் கட்சியின் சான்றையும் மறைத்தல் ஆகாது. 2014ஆம் ஆண்டில் ஆத்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஏறக்குறைய 200 பேரை இரு கூறாக்கி, ஒரு கூற்றினரை 12 வாரங்களில் விரைவாகவும், மற்றொரு கூற்றினரை 36 வாரங்களில் மெதுவாகவும் எடை குறையச் செய்தனர். விரைந்தோரில் 81 சதவீதத்தினரும், மெல்லச் சென்றோரில் 50 சதவீதத்தினரும் இலக்கை எட்டினர்; ஏறக்குறைய மூன்றாண்டுகளில் இரு கூற்றினரும் இழந்த எடையில் 71 சதவீதத்தை ஒப்பவே மீட்டும் பெற்றனர். இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் நடந்து 2017ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சியில், நாளொன்றுக்கு 850 கலோரியளவில் சில மாதங்கள் உண்ட நீரிழிவு நோயாளரில் 46 சதவீதத்தினர் ஓராண்டு முடிவில் மருந்தின்றியே நோய் தணிந்திருந்தனர். ஆகவே விரைவு ஒன்றே தீது என்று கூறுதல் அமையாது. ஆனால் அவர் உண்டவை யாவை? எல்லா உயிர்ச்சத்தும் தாதுப்பொருளும் அளந்து சேர்க்கப்பெற்ற உணவுகள். அவரைக் காத்தவர் யாவர்? குறித்த நாளில் ஆராய்ந்து நோக்கிய மருத்துவக் குழுவினர். இவ்விரண்டும் இல்லாவிடத்து யாது நிகழும் என்பதற்கு, 1970ஆம் ஆண்டுகளின் நடுவில் அமெரிக்காவில் பரவிய புரத நீர் உணவு சான்று. தரமற்ற புரதத்தை மட்டும் பருகி எடை குறைத்தோரில் ஐம்பதின்மருக்கு மேற்பட்டோர் மாண்டனர். இதயத் துடிப்பின் ஒழுங்கு கெட்டமையே பலர்க்கு எமனாயிற்று. மருத்துவர் கண்காணிப்பில் 850 கலோரி உண்பது கடும் பத்தியம்; விடுதி அறையில் ஒருவரும் அறியாது 850 கலோரி உண்பது பட்டினி.

"வரம்பின்படியே உண்கின்றேன், எடை குறையவில்லை, ஆதலின் இன்னும் குறைக்கின்றேன்" என்று கூறுவாரும் உளர். அவர்க்கு யாம் கூறும் விடை: குறைக்குமுன் அளந்து பார்க்க. 1992ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆராய்ச்சியில், உணவைக் குறைத்தும் எடை குறையவில்லை என்று முறையிட்டோரை ஆராய்ந்தபொழுது, அவர் தாம் உண்டதை ஏறக்குறைய 47 சதவீதம் குறைத்தே எழுதியிருந்தமை புலனாயிற்று. வஞ்சனை அன்று, அறியாமையே. நம் வீடுகளிலும் இஃது எளிதில் நிகழும். 100 கிராம் அரிசி ஏறக்குறைய 350 கலோரி. அதுவே நீருண்டு சோறானபின் 100 கிராமிற்கு ஏறக்குறைய 130 கலோரி. அரிசியை நிறுத்துச் சோற்றின் எண்ணை எழுதுபவன் கணக்கு பாதிக்கு மேல் பிழைபடும். தாளிக்கும் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. அதனை எவர் எழுதுகின்றனர்? நாளைக்கு நான்கு முறை பருகும் தேநீரில் கலந்த சர்க்கரை, தேக்கரண்டிக்கு 20 கலோரி. நம் நகரத்து அடுமனைகளின் பிரெஞ்சு ரொட்டி 100 கிராமிற்கு ஏறக்குறைய 270 கலோரி. அதன்மேல் தடவும் வெண்ணெய் வேறு. வரம்பிற்குக் கீழே இறங்க முயலுமுன், வரம்பில் உண்மையாகவே நிற்கின்றோமா என்று ஆராய்வதே அறிவுடைமை.

இதுகாறும் கூறியவற்றால் போந்த முடிபுகளைத் தொகுத்துரைப்போம். முதலாவது, ஒரு நாளில் பசியின்மையால் நூறு இருநூறு கலோரி குறைதல் தீதன்று. உணவு எண்ணும் முறையிலேயே அவ்வளவு பிழை உண்டு. மறுநாள் அதனை ஈடு செய்யத் தவித்தலும் வேண்டா; வாரத்தின் சராசரியே நோக்கத்தக்கது. இரண்டாவது, நாள்தோறும் வரம்பிற்குப் பெரிதும் கீழே உண்பது மருத்துவர் அறிவுரையின்றித் தகாது. வளரும் பருவத்தினர், கருவுற்ற மகளிர், பாலூட்டும் தாயர், நீரிழிவிற்கு மருந்துண்போர் ஆகியோர் தம் விருப்பால் எவ்வளவும் குறைத்தல் கூடாது. மருந்துண்டும் உணவு குறைப்போர்க்கு இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்தல் உயிர்க்கு ஊறாம். மூன்றாவது, குறைக்க வேண்டின் சோற்றையும் எண்ணெயையும் இனிப்பையும் குறைக்க. பருப்பு, முட்டை, மீன், தயிர், கீரை ஆகியவற்றைக் குறைத்தல் வேண்டா. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்பது விதி. நாம் கூறிய மாணவிக்கு அது 55 கிராமிற்குச் சற்று மேலாம். நான்காவது, கலத்தினின்று மேலும் ஐந்நூறு கலோரியை எடுப்பதினும், கடற்கரைச் சாலையில் மாலைதோறும் நடந்து இருநூறு கலோரியைச் செலவிடுதல் நன்று. அது தசையையும் காக்கும், மனத்தையும் மலர்த்தும்.

ஐந்தாவது ஒன்று உண்டு, அதுவே தலையாயது. உண்ணும்பொழுதெல்லாம் அச்சமும், உண்டபின் குற்றவுணர்வும், மெலிந்தபின்னும் தன்னைப் பருத்தவராகவே காணும் மயக்கமும், பிறர் காணாது உணவை ஒளித்தலும் தோன்றுமாயின், அது நற்குணமன்று, நோய். அந்நோயால் உயிரிழப்போரும் உளர். அத்தகைய தோழரைக் கண்டால், "எவ்வளவு மெலிந்துவிட்டாய்!" என்று வியந்து புகழாது, அன்போடு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் வேண்டும். 1823இல் பிரெஞ்சியர் நிறுவிய மருத்துவப் பள்ளியின் வழிவந்த ஜிப்மர் மருத்துவமனை நம் நகரிலேயே இருக்க, இதற்கு நாணுதலும் தயங்குதலும் எற்றுக்கு?

உணவைத் துறத்தலில் ஒரு மேன்மை உண்டு என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியது. கிறிஸ்தவராகிய நாம் தபசுகாலத்தில் ஒறுத்தல் பழகியவர். ஆனால் அவ்வொறுத்தலுக்கும் திருச்சபை வரம்பு வைத்தது. 1983ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், பதினெட்டு வயது நிரம்பாதோரையும் அறுபதாம் வயதில் அடியெடுத்து வைத்தோரையும் ஒருசந்தி என்னும் கடமையினின்று விலக்கியுள்ளது; அக்கடமை நாட்களும் ஆண்டில் விபூதிப் புதனும் பெரிய வெள்ளியுமாகிய இரண்டே. தெய்வத்தின் பொருட்டுச் செய்யும் நோன்பிற்கே அளவும் முடிவும் உண்டெனின், தராசின் முள்ளின் பொருட்டுச் செய்யும் நோன்பிற்கு அளவின்றி இருத்தல் முறையாகுமோ? திருவள்ளுவனாரும் உணவைப் பற்றிய அறிவுரையை "மருந்து" என்னும் அதிகாரத்திலேயே வைத்தார். உணவு மருந்தாயின், அதற்கு அளவு உண்டு. அளவு மிகுந்தாலும் நோய், குறைந்தாலும் நோய்.

ஆதலின், மாணாக்கத் தோழர்காள், வரம்பு வகுத்துக்கொண்டோர் அவ்வரம்பில் நிற்பீராக. வாரத்திற்கு அரைக் கிலோ என்பது சிறிதெனத் தோன்றலாம்; அவ்வாறு ஆறு மாதம் நிற்பின், முன் சொன்ன மாணவி பத்துக் கிலோவை இழந்தும், தன் வலிமையையும் கல்வியையும் தோழமையையும் இழவாதிருப்பாள். பட்டினி நம் முன்னோர்க்கு விதியால் வந்தது. அதனை நாம் விரும்பி அழைத்தல் வேண்டா. பத்தியம் காப்பீராக, பசித்த நேரத்தில் உண்பீராக.